ஒர்த்தென்சியா பேருல ஒரு ஈ

இல்ல தம்பி, ஜன்னல் பக்கம் வேணாம், வெயில் படும். இப்படி மேசை மேல வைங்க. மெதுவா... ஆங், அவ்ளோதான். த்ரெலெவ்ல இருந்து இவ்ளோ தூரம் பஸ்ல மடியிலயே வெச்சிட்டு வந்தீங்களா? தபால்ல போட்டிருக்கலாமே. ஓ, தபால்ல போடக் கூடாதுன்னு எழுதி வெச்சிட்டுப் போனாங்களா. சரிதான். செத்ததுக்கப்புறமும் வேலை வாங்கறாங்க பாருங்க உங்க அத்தை.

உக்காருங்க. மாத்தே டீ குடிப்பீங்கல்ல? சக்கரை போடட்டுமா? நான் போட மாட்டேன். உங்க அத்தை போடுவாங்க, ரெண்டு கரண்டி. எனக்கு எப்படித் தெரியும்னா, ஒரே ஒரு தடவை இங்க வந்திருக்காங்க. தொண்ணூத்தொண்ணுல. ரெண்டு நாள்.

பெட்டியைத் திறக்கலாம், திறக்கலாம். என்ன அவசரம்? உங்களுக்கு பஸ்ஸு ஆறு மணிக்குத்தானே.

இந்த ரூம் எப்பவுமே இப்படித்தான் இருக்கும். மியூசியம் முன்னால இருக்கு, அங்க பூநாரை, பாடம் பண்ணின புலி எல்லாம் இருக்கு, பள்ளிக்கூடத்துப் பசங்க வருவாங்க. பின்னால இந்த ரூம்ல நானும் கரை ஈயும். ஏரி ஓரத்துல நடந்தா கால்கிட்ட கறுப்பா ஒரு கம்பளம் மாதிரி எழும்புமே, அதான். கடிக்காது, சாப்பாட்டுல உக்காராது, யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணாது. அதனாலயே ஒருத்தரும் அதைத் திரும்பிப் பாக்கறதில்ல. கொசுவைப் படிக்கறவனுக்கு ஆயிரம் பேர் துணை. கரை ஈயைப் படிக்கறவனுக்கு... தென் அமெரிக்காவுல இந்த உப்புத்தண்ணி ஈங்களை இனம் பிரிக்கத் தெரிஞ்சவங்க ரொம்ப காலமா ரெண்டே பேர்தான் தம்பி. ஒருத்தன் நான், ஏரிக்கரையில. இன்னொருத்தர் உங்க அத்தை, கடற்கரையில, சமையக்கட்டு மேசையில.

சிரிக்காதீங்க, எப்படிப் பிரிப்போம்னா, ஆம்பளை ஈயோட பின்பக்கத்தைப் பாத்துத்தான். நெசமாத்தான். மூஞ்சியெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஈயே எள்ளு அளவு. அதோட கடைசி நுனியை வெட்டி, வேக வெச்சு, ஒரு துளி கிளிசரின்ல போட்டு, அரிசி அளவுக் குப்பியில அடைச்சு, அந்த ஈ இருக்கற ஊசியிலயே குத்தி வெச்சிருவோம். உடம்பு மேல, குப்பி கீழ. ரெண்டும் பிரியக் கூடாது. புதுசா ஒரு இனத்துக்குப் பேர் வெச்சோம்னா, அந்தப் பேருக்கு ஒரே ஒரு ஈதான் சாட்சி. அதுக்கு சிவப்புச் சீட்டு.

நான் இருபத்தாறு இனத்துக்குப் பேர் வெச்சேன். அதுல பதினொண்ணை உங்க அத்தை அடிச்சிட்டாங்க. அடிச்சிட்டாங்கன்னா, இது புதுசு இல்ல, ஏற்கெனவே பேர் இருக்கற ஈதான்னு அச்சுல எழுதிப் பேரையே காலி பண்றது. பதினொண்ணு! அவங்களோடதுல நான் அடிச்சது ரெண்டு. அதுல ஒண்ணைத் திரும்ப உயிரோட கொண்டுவந்துட்டாங்க.

கோவமா? எதுக்குக் கோவம்? ஒவ்வொண்ணை அடிக்கறதுக்கு முன்னாடியும் ஒரு கடுதாசி எழுதுவாங்க தம்பி. பத்துப் பக்கம், பன்னெண்டு பக்கம். எங்க தப்பு, எந்த முடியை எண்ணாம விட்டேன், எல்லாம் படத்தோட. நடுவுல காத்து பலமா அடிக்குது, துணி காயப் போட முடியலன்னு ஒரு வரி. பூனை குட்டி போட்டுச்சுன்னு ஒரு வரி. நான் ஈயை விட்டுட்டு அந்த வரிங்களைத்தான் முதல்ல தேடுவேன். பதிலுக்கு நானும் சண்டை போட்டு எழுதுவேன். இருபத்தஞ்சு வருஷம் அப்படி ஓடிச்சு. கல்யாணம் ஆனவங்க கூட அவ்ளோ பேசியிருக்க மாட்டாங்க.

இங்க வந்தப்பவா? முட்டி வரைக்கும் சேத்துல நின்னுட்டு வலை வீசினாங்க. தொப்பி பறந்துபோய் ஏரியில விழுந்துச்சு. நான் எடுக்கப் போயி இடுப்பளவு சேத்துல மாட்டிக்கிட்டேன். அவங்க கை குடுக்கல, சிரிச்சிட்டு நின்னாங்க. அன்செல்மோ, நீங்க ஈயைப் பாக்கறதே இல்ல, பேர் வெக்க எடம் தேடறீங்கன்னாங்க. அது உண்மைதான். ரெண்டாம் நாள் பஸ் ஸ்டாண்டுல வழியில சாப்பிட எம்பனாடா வாங்கிக் குடுத்தேன். வேற ஒண்ணும் சொல்லல. சொல்லியிருக்கணும். என் மரமண்டைக்கு அது பஸ்ஸு கிளம்பினப்புறம்தான் உறைச்சுது.

அப்புறம் ஒன்பது வருஷம் முன்னாடி கடுதாசி நின்னு போச்சு. கண்ணு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். நீங்க சொல்லுங்க, கண்ணுதானா? ...ஓ. ஒரு கண்ணுதானா. இன்னொண்ணு நல்லாத்தான் இருந்துச்சா.

ம். வெந்நீ ஆறிப்போச்சு, இருங்க, சூடு பண்றேன்.

ஆமா, நீங்க இன்டர்நெட்ல பாத்தது சரிதான். அவங்க பேருல ஒரு ஈ இருக்கு. அவங்க ஒர்த்தென்சியா, ஈ ஒர்த்தென்சியே. நான்தான் வெச்சேன், ஏழு வருஷம் முன்னாடி. அதான் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. அச்சுல வந்த மறு மாசம் அவங்ககிட்ட இருந்து ஒரு ஃபாரம் வந்துச்சு. சிவப்புச் சீட்டு ஈயை இரவலா அனுப்பவும். கையெழுத்து, தேதி. வேற ஒரு வரி கிடையாது. காத்து இல்ல, பூனை இல்ல. அனுப்பினேன். அவ்ளோதான், பதிலே இல்ல.

நான் திருப்பிக் கேக்கவும் இல்ல. எங்க வழக்கத்துல, குடுத்தவன் கேட்டாத்தான் வாங்கினவங்க அனுப்பணும். இங்க டைரக்டரு வருஷா வருஷம் கேப்பாரு. பாத்துட்டிருக்காங்க சார், பாத்துட்டிருக்காங்கம்பேன். ஏன் கேக்கலன்னா... என்னோடது ஒண்ணு அவங்க வீட்டுல இருக்கட்டுமேன்னுதான். இப்ப எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த ஈயை அவங்க பாத்தாங்களா, பாக்கலையா.

என்னது? மேசையிலயே இருந்துச்சா? பாச்சை உருண்டை மாத்துவாங்களா, வருஷா வருஷம்?

சரி. அந்தக் கத்தியை எடுங்க. திறந்துரலாம். என் விஷயத்தை விட அந்த ஈ விஷயம்தான் இன்னைக்கு அவசரம். பிரேசில்ல ஒரு பொண்ணு, கெட்டிக்காரி, மொத்த ஈக் குடும்பத்தையும் புதுசா வகைப்படுத்திட்டிருக்கு. நான் அச்சுல போட்ட படத்தைப் பாத்துட்டு, இந்த ஒரு ஈ எதுலயும் ஒட்டலன்னு இதுக்குன்னே ஒரு தனிக் கிளை போட்டிருக்கு. ஏரி ஈயோட உடம்பு, கடல் ஈயோட பின்பக்கம், என்ன அதிசயம்னு எழுதுது. அடுத்த மாசம் அச்சுக்குப் போகுதாம். என்கிட்ட கருத்து கேட்டிருக்கு.

பஞ்சை எடுங்க. ஆ, இது அவங்க சுத்தினதுதான். ஊசி ஆடாம ரெண்டு பக்கமும் முட்டுக் குடுக்கறது அவங்க பழக்கம்.

இருங்க. கையை எடுங்க தம்பி. என் கண்ணாடி எங்க?

நான் ஒரு ஊசிதான் அனுப்பினேன். இதுல ரெண்டு இருக்கு.

பாருங்க. இந்த ஊசியில ஈ. அந்த ஊசியில குப்பி. ஒரு விரல் தள்ளி. பிரிச்சு வெச்சிருக்காங்க. ஈக்குக் கீழ சீட்டு, ஏரி ஈ. குப்பிக்குக் கீழ சீட்டு, கடல் ஈ. அவங்க கையெழுத்துதான், எறும்பு ஊர்ற மாதிரி. தேதி பாருங்க... நான் அனுப்பி மூணு வாரம்.

மூணே வாரத்துல கண்டுபிடிச்சிட்டாங்க. கண்டுபிடிக்காம இருப்பாங்களா? அந்தக் குப்பியில இருக்கறது அவங்களே கரையில பிடிச்சு, அவங்களே வெட்டி, எனக்கு அன்பளிப்பா அனுப்பின ஈயோட நுனி. அந்த வெட்டு அவங்க வெட்டு. உலகத்துல வேற யாருக்கும் அது அடையாளம் தெரியாது.

தவறுதலா மாறிப்போச்சான்னா கேக்கறீங்க? இல்ல தம்பி. நாப்பது வருஷத்துல ஒரு குப்பியை நான் மாத்திக் குத்தினதில்ல. இதை மாத்தித்தான் குத்தினேன். கதவைச் சாத்திட்டு, நானேதான். அப்படி ஒரு இனமே கிடையாது. இல்லாத ஒண்ணுக்கு அவங்க பேரை வெச்சேன். இதைப் போட்டு அடிச்சு நொறுக்கி இருபது பக்கம் எழுதுவாங்கன்னு நெனச்சேன். அவங்க என்னடான்னா ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. என் மானத்தை ஏழு வருஷம் மேசை மேல வெச்சுப் பாச்சை உருண்டை போட்டுக் காப்பாத்தியிருக்காங்க.

இன்னிக்கே அந்தப் பொண்ணுக்கு எழுதிருவேன். நான் பண்ணின திருட்டுத்தனம்னு எழுதிருவேன். பேரை அடிக்கணும். பன்னெண்டாவது. இதை நானே அடிக்கணும்.

இன்னொரு சீட்டா? எங்க? அடியிலயா? எனக்குத் தெரியல, நீங்க படிங்க. நகத்தளவுதான் இருக்கு, லென்ஸை வெச்சுப் படிங்க.

அன்செல்மோ. ஏன்.

அவ்ளோதான் எழுதியிருக்காங்களா? பின்னாடி ஏதும்...? இல்லையா.

ஏழு வருஷமா இதைக் கேட்டுட்டு ஊசியில நிக்குது. நான் பெட்டியைத் திருப்பிக் கேட்டிருந்தா அன்னைக்கே வந்திருக்கும். நான் கேக்கல.

நீங்களும் அதையேதான் கேக்கறீங்க, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. பெருசா ஒண்ணுமில்ல தம்பி. அப்ப ரெண்டு வருஷமா அவங்க கடுதாசி வரல. அதுக்குத்தான். இந்தாங்க, மாத்தே ஆறுது, குடிங்க, ரெண்டு கரண்டி சக்கரை போட்டிருக்கேன்.