ஒன்பது இன்சுலின் பேனா

– தட்டாதீங்க. தட்டினா இளகிடுமா?

– இளகுதான்னு பாக்கல, உடையுதான்னு பாக்கறேன். உடையவும் மாட்டேங்குது.

– எத்தனை?

– ஒன்பது. ஒன்பதும் கல்லு. திருடன் வந்தா எறியலாம். வேற எதுக்கும் ஆகாது.

– இன்சுலினைப் போய் ஃப்ரீசர்ல யாராவது வைப்பாங்களா?

– இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பரா குப்பை கொட்டினவன் வைப்பான். கெட்டுப்போற சரக்கா, குளிர் அதிகமா இருக்கிற மூலைக்குத் தள்ளுன்னுதான் எங்களுக்குப் பாடம். நேத்து லீவுல சும்மா உக்கார முடியல, ஃப்ரிட்ஜைத் துடைக்கலாம்னு திறந்தேன். காய்கறித் தட்டுக்கு அடியில ஒரு டப்பா. ஐயோ, நம்ம வீட்டு மேனேஜரம்மா உன்னோட மருந்து இப்படிப் புழுங்குதேன்னு தூக்கி மேல வச்சேன். பாசத்துல பண்ணின கொலை.

– இளகினதும் போட்டுக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஒருதடவை உறைஞ்சா அப்புறம் அது வெறும் தண்ணிதான். பெட்டி மேலேயே போட்டிருக்கு.

– அந்த எறும்பு எழுத்திலயா? அதைப் படிக்கத் தனியா ஒரு கண்ணு வேணும்.

– சரி, விடுங்க. கையில ஒரு பேனா இருக்கு. முதல் தேதி வரைக்கும் ஓட்டிடலாம்.

– நீ விட்டுடுவே. நான் காலையிலேயே இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டுட்டேன்.

– வேலைக்குப் போற நேரத்திலயா? இன்னிக்கும் லீவா?

– சரக்கு வரத்து கம்மி, ரெண்டு நாள் வரவேண்டாம்னாங்க. அதை விடு. நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டாங்க. பாட்டு மனப்பாடம் ஆனதும் ஒருத்தர் வந்தார். ரொம்ப மரியாதை, வாக்கியத்துக்கு ரெண்டு சார். மாசத்துக்கு மூணு பேனா, முப்பது நாளைக்கு ஒருதடவை, அதுக்கு முன்னால ஒண்ணுகூடக் கிடையாதுன்னார். நாமளே கெடுத்துக்கிட்டதுக்கு நம்ம திட்டத்துல இடமே இல்லையாம். கெடுக்கலீங்க, பத்திரப்படுத்தினேன்னேன். அதுக்கும் இடம் இல்லையாம்.

– அவர்கிட்டயுமா இந்தப் பேச்சு?

– வேற என்ன பண்றது? அழுதாலும் அதே பாட்டுதான் போடுவாங்க. சரிங்க, கைக்காசுல வாங்கிக்கறேன், அது வருஷத்துக்கு நாங்க கட்டவேண்டிய பங்குல சேருமான்னு கேட்டேன். சேராதாம். வருஷ ஆரம்பத்துல முழுசா நாம கொடுக்கணும், நடுவுல ஆளுக்குப் பாதி, வருஷக் கடைசியில எல்லாம் அவங்க. இந்த மாதிரி கைக்காசுல வாங்கறது எந்தக் கட்டத்துலயும் சேராது. யார் உக்காந்து யோசிச்சாங்களோ, கட்டம் போட்டே மனுஷனைத் தேய்க்கிற திட்டம். அந்த ஆள் எங்க ஸ்டோர்ல இருந்திருந்தா ஒரு ஆணிகூட வெளியே போயிருக்காது.

– அவ்வளவுதானே? சாப்பிட வாங்க.

– அவ்வளவு இல்ல. எத்தனை வீணாச்சுன்னு கேட்டார். என்னமோ சாதிச்ச மாதிரி ஒன்பதுன்னேன். மனுஷன் கணக்குப் போட்டார், ஒரு பேனா பத்து நாளைக்குன்னு. அப்புறம் மெதுவா சொல்றார். சார், இன்னிக்குத் தேதி இருபத்தஞ்சு. உங்க வீட்டுல அரைப் பேனாதான் இருக்கணும்.

– டீ போடட்டுமா?

– இப்பதான் சாப்பிடக் கூப்பிட்டே.

– அதெல்லாம் போன வருஷத்து மிச்சம்.

– மருந்துக்கடைக்காரர் ஒவ்வொண்ணு மேலயும் தேதி ஒட்டியிருக்கார். பேனாவைத் தட்டினேன்னா நினைச்சே? தேதி பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு மாசம் ஒண்ணு, அடுத்த மாசம் ரெண்டு, மறுபடி ஒண்ணு, மறுபடி ரெண்டு. ஆறு மாசம், ஒன்பது பேனா. வெளி ஆள் ஒருத்தர் போன்ல கண்டுபிடிக்கிறார், ஊர்ச் சரக்கையெல்லாம் எண்றவன் வீட்டுல கோட்டை விட்டிருக்கேன்.

– மிச்சம் பிடிச்சா நல்லதுதானே?

– ஸ்டோர்ல சரக்கு குறைஞ்சா எவனோ எடுத்துட்டான்னு அர்த்தம். கூடினா, போகவேண்டிய ஆளுக்குப் போகலைன்னு அர்த்தம். எத்தனை யூனிட் போட்டுக்கறே?

– டாக்டர் சொன்னதுதான்.

– அவர் சொன்னது முப்பது. நீ போடறது?

– ஏங்க, அந்த நீலத்துணியை இப்படிக் கொடுங்க. நாளைக்குத் தரேன்னு சொல்லியிருக்கேன், இன்னும் ஓரம் அடிக்கல.

– எப்படி அடிப்பே? ஊசியில நூல் கோக்கவே என்னைத்தான் கூப்பிடறே. பத்தாவது வயசுலேர்ந்து மெஷின்ல உக்காந்தவ. நான் என்ன பண்ணினேன், கிழவி ஆயிட்டேன்னு கிண்டல் பண்ணினேன். ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போறே. தண்ணி கம்பெனிக்குப் பங்குதாரரான்னு கேட்டேன். கால் விரல் புண்ணு ஒரு மாசமா ஆறல, செருப்பு கடிச்சதுன்னே. நானும் போய்ப் புதுச் செருப்பு வாங்கிட்டு வந்தேன். அந்த அளவுக்கு மூளை உள்ளவன்கிட்டதான் ஒரு ஸ்டோரையே கொடுத்து வச்சிருக்காங்க.

– அந்தச் செருப்பு நல்லாத்தான் இருக்கு.

– நீ போடறது எத்தனை?

– பதினஞ்சு.

– பாதியா?

– பாதி.

– யாரைக் கேட்டு?

– யாரைக் கேக்கணும்? உடம்பு என்னோடது, ஊசி என்னோடது.

– காலும் கண்ணும்கூட உன்னோடதுதான். அதுவும் பாதி போதுமா?

– கத்தாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? விரலைத் தினமும் பாக்கறது நான்தானே. ரெண்டு வருஷத்துக்கு முடிஞ்ச அளவு சேக்கணும்னு நினைச்சேன். ஒன்பது சேந்துச்சு. அதுவும் இப்ப இல்ல. ஓய்ஞ்சு போச்சுங்க எனக்கு.

– எந்த ரெண்டு வருஷம்?

– புதுசா இன்சூரன்ஸ் எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு முதல் ரெண்டு வருஷம் ஒண்ணும் தரமாட்டாங்களாம். மருந்துக்கடையில விசாரிச்சேன்.

– புதுசு எதுக்கு நமக்கு? என் ஆபீஸ்ல கொடுத்தது இருக்கே. நான் வேலைக்குப் போற வரைக்கும் உனக்கு மருந்து வரும்.

– ம்.

– என்ன ம்?

– நீங்க சொன்னதுக்குத்தான் ம்.

– இதப் பாரு, இப்ப நான் விளையாடல. தெரிஞ்ச கிண்டலெல்லாம் தீந்துபோச்சு. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம், மெஷினை வித்தாவது இன்னிக்கே மருந்து வாங்கறோம், என் மெஷின் இல்ல உன் மெஷின்தான், பரவாயில்ல. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். சுத்தி வளைக்காம சொல்லு. எந்த நாள்லேர்ந்து பாதி போட்டுக்கறே?

– சொன்னா சாப்பிடுவீங்களா?

– சொல்லு.

– ஸ்டோரை மூடப்போறோம், ஆறு மாசம் டைம்னு உங்களுக்கு ஒரு கடிதம் வந்துச்சே. எங்கிட்ட சொல்லாம சட்டைப் பையில வச்சு, அப்படியே துவைக்கப் போட்டீங்களே. அந்தச் சட்டையைத் துவைச்ச நாள்லேர்ந்து.