ஸ்பெயின் படத்தின் மீதி

சுதாராணி: “காந்தல் இன்னும் கொஞ்சம் வை சுதா”ன்னாவ. அதைத் தின்னுட்டுத்தான் ஐஸ் வாங்கப் போனாவ. அவ்வளவுதான் ரபீக்கண்ணே, எங்கிட்ட அவிய கடைசியாப் பேசுனது.

ரபீக்: திராட்சை ரசத்துல ஆரஞ்சை நறுக்கிப் போட்டு, ஐஸ் இல்லாமக் குடிச்சா அது ஸ்பெயின் இல்லன்னான் விஜயராஜ். நான் போறேன்னேன். கேட்டானா? ஐஸ் கடை வாசல்லயே நெஞ்சைப் பிடிச்சிட்டு...

சுதாராணி: விடுங்க.

ரபீக்: அடிப்பிடிச்ச சோத்தைப் போயி அப்படித் தின்னான்.

சுதாராணி: கரிச்சிப்புட்டேனேன்னு நான் அழப்போனேன். “ஸ்பெயின்ல இந்தக் காந்தலுக்குத்தான் அடிதடியே நடக்கும்”னு சொல்லுதாவ.

ரபீக்: ஏதோ ஞாயித்துக்கிழமைப் பேப்பர்ல படிச்சது.

சுதாராணி: படம் எந்த ஊர்ப் படமோ அந்த ஊர்ச் சாப்பாடு... கோவில்பட்டியில உட்காந்துக்கிட்டு உங்க மூணு பேருக்கும் யாரு இந்தச் சட்டத்தைப் போட்டது? ஜப்பான் படம் போட்டுப் பச்சை மீன் கேட்டிருந்தா, அடுப்பை அணைச்சிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்.

ரபீக்: அதுக்குப் பயந்துதான் ஜப்பான் பக்கமே போகல. இன்னிக்கும் அதே வாசம் வருதே?

சுதாராணி: அதே சோறுதான். சீரகச் சம்பா, தூத்துக்குடி எறால், நீங்க தந்த குங்குமப்பூவுல மிச்சம். காலையில வருசத் திதி முடிஞ்சது, ஐயரும் போயிட்டாரு. சாயங்காலம் நம்ம கணக்கு.

ரபீக்: சண்முகராஜ் எங்க?

சுதாராணி: தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு ஏத்துதாங்களாம், வர முடியாதுன்னு போன் போட்டாரு. பதருன்னிசா மைனி?

ரபீக்: பிள்ளைகளைக் கூட்டிட்டுப் பின்னால வாரா.

சுதாராணி: சரி... எடுங்க.

ரபீக்: எதை?

சுதாராணி: ரெண்டாவது சிடியை. முதல் சிடி முடிஞ்சதும் சாப்பிட உட்காந்தீங்க, மீதிப் படத்தை யாரும் பார்க்கல. வருசம் பூரா கேட்கேன். ஒருநாள் கீறல் விழுந்துட்டுங்கிறீங்க, ஒருநாள் சண்முகராஜ் கொண்டுபோயிட்டான்ங்கிறீங்க...

ரபீக்: கீறல்தான் சுதா, நிசமா...

சுதாராணி: பொய் சொன்னா உங்களுக்குக் காது சிவக்குது.

ரபீக்: அது வெயிலு.

சுதாராணி: ராத்திரி ஏழு மணிக்கா?

ரபீக்: ... அந்தப் படத்துல ஒண்ணும் இல்லம்மா. உனக்கு எதுக்கு?

சுதாராணி: நான் எங்க படம் பார்த்தேன்? அடுப்படியில டிவிக்கு முதுகைக் காட்டிட்டு நின்னேன். கீழ வார இங்கிலீசு எழுத்தைப் படிச்சி அவிய தமிழ்ல சொல்லுவாவ. எல்லாப் படமும் எனக்கு அப்படித்தான், காதுல கேட்டதுதான். அந்தப் பொம்பள கடைசியில என்ன ஆனாள்னு தெரியணும்லா?

ரபீக்: எந்தப் பொம்பள?

சுதாராணி: சத்திரத்துல சமைப்பாளே... அவகிட்ட அந்த ஆளு சொல்லுவான்லா. “உன் கைச்சோறு தின்னவனுக்கு வேற எந்த ஊர்லயும் பசிக்காதுட்டி. வேர்த்து ஒழுக நீ அடுப்புகிட்ட நிக்கியே, அப்ப உன்னைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்”னு.

ரபீக்: ... ஆமா. சொல்லுவான்.

சுதாராணி: அந்த இடத்துல அவன் கழுதைக்கு விலை பேசுதான் அண்ணே.

ரபீக்: கழுதைக்கா?

சுதாராணி: எதுத்தாப்புல நிக்கது மீசை வச்ச ஒரு தரகன். பொம்பளயே கிடையாது.

ரபீக்: நீ... எங்க பார்த்தே?

சுதாராணி: முதல் சிடி இங்கதானே கிடக்கு, பார்த்தேன். கீழ ஒரு எழுத்துகூட வரல.

ரபீக்: ... படத்தைப் போட்டதுமே எழுத்து வராதுன்னு தெரிஞ்சிபோச்சு. மாத்தி வாங்க நேரம் இல்ல. நீயானா மத்தியானத்துலேருந்து புகைக்குள்ள நிக்கே. “படம் புரியலன்னா அவ பட்ட பாடு வீணாப்போயிரும்லே, எவனும் வாயைத் திறக்கக்கூடாது”ன்னான். பிறகு அவன் பாட்டுக்கு ஒரு கதையை அடிச்சி விட்டான். சண்முகராஜ் சிரிப்பை அடக்க முடியாமத் துண்டை வாயில திணிச்சிக்கிட்டான்.

சுதாராணி: கழுதை கத்துனது எனக்குக் கேட்டுச்சே. என்னன்னு கேட்டதுக்கு, “ரோட்டுல போகுது, நீ சோத்தைப் பாரு”ன்னாவ.

ரபீக்: அதுக்குத்தான் சண்முகராஜ் துண்டைத் திணிச்சது.

சுதாராணி: பாவி மனுசன்...

ரபீக்: உனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டேன்னுதான் சிடியை ஒளிச்சி வச்சேன். ஒண்ணு சொல்லவா சுதா? நாங்க ரெண்டு பேரும் அவனை ஒட்டித்தான் உட்காந்திருந்தோம். எங்களுக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்ல.

சுதாராணி: இத்தனை வருசத்துல “நல்லா இருக்கு”ன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட நேரா வந்து சொன்னதில்லண்ணே.

ரபீக்: இந்தா... பையிலதான் கொண்டாந்தேன். கீறலும் இல்ல, ஒண்ணும் இல்ல. போடு, பார்ப்போம். புரியாட்டி என்ன, நான் ஏதாவது சொல்லுதேன்.

சுதாராணி: வைங்க. போட வேண்டாம்.

ரபீக்: வருசம் பூரா கேட்டியேம்மா?

சுதாராணி: கேட்டேன்... ரெண்டாவதைப் போடணும்னா முதல் சிடியை வெளிய எடுக்கணும்லா. அது அவிய கையால உள்ள வச்சது. நான் ப்ளே பட்டனை மட்டும் அமுக்கி அமுக்கிப் பார்க்கேன்... இன்னும் வெளிய எடுக்கல.