ஊர்வலத்தில் சிக்கும் டிஸ்க்

டிவிடி ஓரிடத்தில் சிக்கினால் முதலில் பிளேயரைக் குறை சொல்லக்கூடாது, தங்கச்சி. டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முக்கால்வாசி விரல் அடையாளமாகத்தான் இருக்கும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் சாப்பாட்டுக் கோப்பை துடைப்பதுபோல வட்டமாகத் தேய்த்துத்தான் கெடுப்பார்கள். நீங்கள் கொண்டுவந்த இந்த டிஸ்க்கில் சின்னப் பிள்ளைகள் இனிப்புக் கையோடு விளையாடியிருக்கிறார்கள். துடைத்துவிட்டேன். இனி ஊர்வலத்தைத் தாண்டி ஓடும்.

நீங்கள் கேட்டது அவ்வளவுதான். பிரசாந்தி கனடாவிலிருந்து அனுப்பிய கல்யாண டிவிடி ஊர்வலத்தில் வந்து நிற்கிறது, சரிசெய்து தர முடியுமா என்றீர்கள். நீங்கள் சட்டத்தரணி என்பதையும், காணாமல் போன மகனுக்காகக் குணலட்சுமி அக்கா போட்ட வழக்கு உங்கள் கையில் என்பதையும் நீங்களாகவே சொன்னீர்கள். நான் நினைத்திருந்தால் துடைக்கிற சாட்டில் ஒரு கீறல் போட்டுவிட்டு, இது சரிவராது என்று திருப்பித் தந்திருக்கலாம். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று தெரியவில்லை. களைத்துப்போனேன் போலிருக்கிறது. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கோட்டு வழக்குக்குப் போகிற விசயம் என்பதால் எழுத்துத் தமிழிலேயே சொல்கிறேன்.

என் பெயர் சுபாஸ்கரன். தெல்லிப்பழையில் இந்தக் கடையைப் பலருக்கும் தெரியும். கல்யாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் எடுத்திருக்கிறேன். இப்போது பழைய கசற்றுகளை டிவிடியில் ஏற்றிக் கொடுப்பதுதான் பெரும்பாலான வேலை. ஏற்றும்போது வருகிற கோளாறுகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. சத்தம் ஒரு பக்கமும் வாயசைவு ஒரு பக்கமுமாகப் போகும். ஆட்கள் குட்டையாகவும் குண்டாகவும் தெரிவார்கள். கடையில் ஓடின டிஸ்க் வீட்டில் ஓடாது. ஏற்றி முடித்ததும் வேறு பிளேயரிலும் ஓடும்படி டிஸ்க்கை மூடிக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் வழி உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை ஒன்று உண்டு. கசற் கொம்பியூட்டரில் ஏறும்போது பக்கத்தில் இருந்து பார்க்காமல் வேறு வேலைக்குப் போவது. நான் விட்ட பிழை அது.

பிரசாந்தியின் கல்யாணம் அரியாலையில், சண்டை முடிந்து அடுத்த வருசம் ஆவணியில் நடந்தது. அப்போது நான் அழகாக வெட்டி, பாட்டுப் போட்டு ஒரு கொப்பி கொடுத்தேன். எட்டு வருசம் கழித்துப் பிள்ளைகளோடு ஊருக்கு வந்தவள் இந்தக் கடைக்கு வந்தாள். "அண்ணை, ஒண்டும் வெட்டாமல் முழுக்கத் தாங்கோ. அதிலை வந்த ஆக்கள் பாதிப்பேர் இப்ப இல்லை" என்றாள். வெளிநாட்டுக்காரர் எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள். ஆர் வந்தது, ஆர் ஆருக்குப் பக்கத்தில் இருந்தது, எல்லாம் வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கமராவில் இரண்டு கசற் எடுப்போம். ஒன்றை நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன். மற்றதைத்தான் கொடுக்கிறேன் என்று நினைத்து, தனியாக வைத்ததையே போட்டுவிட்டேன். ஊர்வலம் வந்தால் பாட்டுப் போடுவது கைப்பழக்கம், இதிலும் போட்டேன். பார்க்காமலேயே கொப்பி அடித்து அவளுடைய சொந்தக்காரருக்கும் கொடுத்தேன். குணலட்சுமி அக்கா பிரசாந்திக்குப் பெரியம்மா முறை. அவருக்கும் ஒன்று போனது.

அக்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2009 வைகாசியில், பெயரைப் பதிந்துவிட்டு விடுவோம் என்று இராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி, மகன் நிருஷனைத் தன் கையாலேயே கொண்டுபோய் ஒப்படைத்தவர். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. ஆதாரம் கொண்டு வாருங்கள், அந்த நாளுக்குப் பிறகு உங்கள் மகன் உயிரோடு இருந்ததற்கு ஏதாவது ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றுதான் எல்லா இடத்திலும் கேட்டார்களாம். வீதியோரப் போராட்டக் கொட்டிலில் மற்றத் தாய்மாரோடு மகனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். நான் மோட்டார் சைக்கிளில் போகும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

ஒருநாள் காலை கடை திறந்த கையோடு வந்தார். டிஸ்க்கைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தார். போடச் சொன்னார். ஊர்வலம் கண்டி வீதியைக் கடக்கிற இடம். பொம்பிளை மாப்பிள்ளைக்கு வழிவிட்டு ஒரு பஸ் நிற்கிறது. வாகனங்கள் நிற்பதையும் சேர்த்து எடுத்தால் கல்யாணத்துக்கு எடுப்பு என்று கமராவைத் திருப்பியிருந்தேன். யன்னலுக்கு வலையடித்த, தடுப்பில் இருக்கிறவர்களை ஏற்றுகிற பஸ். உள்ளே மொட்டையடித்த பெடியங்கள்.

"உதிலை நிப்பாட்டு தம்பி" என்றார். நிறுத்தினேன். ரீவிக்குக் கிட்டப் போய் வலைக்குப் பின்னால் இருந்த ஒரு முகத்தில் விரலை வைத்தார். "உவன் என்ரை பிள்ளையெல்லே?"

"தெளிவில்லை அக்கா" என்றேன்.

"வாய் அசையுது. என்னவோ சொல்லுறான். என்ன சொல்லுறான் எண்டு கேக்கேலாதோ?"

பாட்டுத்தான் கேட்கிறது, கசற்றில் வேறு சத்தம் பதியவில்லை என்றேன். டிஸ்க்கை விட்டுவிட்டுப் போங்கள், படத்தைத் தெளிவாக்கித் தருகிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ஈரம் கையில் இருந்தது. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு டிஸ்க்கில் இரண்டு மணித்தியாலம் ஏற்றினால் முகம் முகமாக இருக்கும். அதிலேயே நாலு மணித்தியாலத்தைத் திணித்தால் தூரத்து முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். அனுபவம் இல்லாதவர்கள் தெரியாமல் செய்கிற வேலை அது. நான் தெரிந்து செய்தேன். அக்கா திரும்பி வந்தபோது புது டிஸ்க்கைக் கொடுத்தேன். பழையதை உடைத்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டு, முந்தியதைவிட மங்கலாக இருக்கிறதே என்றார். பெரிதாக்கினால் அப்படித்தான் வரும், இன்னொரு முறை முயற்சி செய்கிறேன் என்றேன். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் திணித்தேன். இப்படிப் பல முறை. ஒவ்வொரு முறையும் மூக்கு போனது, கண் போனது. ஒரேயடியாக எடுத்துவிட்டால் தாங்கமாட்டார். அதனால்தான் மெல்ல மெல்லச் செய்தேன்.

கடைசி டிஸ்க்கை இந்தக் கதிரையில் இருந்துதான் பார்த்தார். பிறகு, "எனக்குத்தான் கண் பிழைச்சுப்போச்சோ தம்பி?" என்று கேட்டார்.

"வயது போகப்போக அப்பிடித்தான் அக்கா" என்றேன். பிளேன்ரீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

பிரசாந்திக்கும் போன் எடுத்து, அந்த டிஸ்க்கில் கோளாறு இருக்கிறது, எறிந்துவிடுங்கள், புதிது அனுப்புகிறேன் என்றேன். ஓம் அண்ணை என்றாள். எறியாமல் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்திருக்கிறாள் என்பது இன்றைக்கு உங்களைக் கண்டபிறகுதான் தெரியும்.

நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. அந்தக் காலத்தில் கமரா வைத்திருந்தவன் பாடு உங்களுக்குத் தெரியாது; நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். அன்று அந்தப் பஸ்ஸுக்குக் கிட்ட நின்ற என் தோளில் ஒருவர் தட்டினார். சீருடை இல்லை, சாதாரண உடுப்பு. கமராக் கண்ணாடியை உள்ளங்கையால் மூடினார். சிரித்த முகம். நான் கமராவைப் பொம்பிளை பக்கம் திருப்பினேன். பெயர் கேட்கவில்லை, கசற்றைக் கேட்கவில்லை. பிறகும் ஒருவரும் என்னைத் தேடி வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை பயம் தெளிந்திருக்கும். வராதபடியால், எப்போது வருவார்களோ என்று இவ்வளவு காலமும் ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் எழும்பிப் பார்க்கிறேன். எனக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். ஆதாரம் என்று அந்தப் படம் வெளியே போனால் முதல் கேள்வி என்ன? ஆர் எடுத்தது என்பதுதான். நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே கல்யாணம் முடிந்த கிழமையே, முதலில் கொடுத்த கொப்பியில் அந்தத் துண்டின்மேல் இரண்டு ரோசாப்பூ வந்து மூடுகிற மாதிரி வைத்துவிட்டேன். பிரசாந்திக்கு அந்த இடம் நல்லாய்ப் பிடித்தது. ஓம், அப்போதே எனக்குத் தெரியும். அவன் யாருடைய பிள்ளை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அக்காவுக்கு எட்டு வருசம் முந்தி.

பிறகு தில்லைநாதன் அண்ணை வந்தார், அக்காவின் புருசன். அதிகம் கதைக்காத மனிசன். கடை வாசலில் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். "சுபா, நீ படம் பிடிச்சனி. நீ சொன்னால் நான் நம்புவன். அது எங்கடை பெடியனோ?"

"இல்லை அண்ணை."

அவர் அழவில்லை. சைக்கிள் மணியின் மூடியை விரலால் திருகிக்கொண்டே நின்றார். அப்படியென்றால் இனிச் செய்ய வேண்டியதைச் செய்வோம், இவளும் இப்போது மறுக்கமாட்டாள் என்றார். நல்லது அண்ணை, ஆத்மா சாந்தியடையட்டும் என்றேன். வேறு என்ன சொல்வது?

உயிர் போன நாள் தெரியாதவனுக்கு எந்த நாளில் செய்வது என்று ஐயரிடம் கேட்டார்கள். தாய் கடைசியாகக் கண்ட நாளையே திதியாக வைக்கலாம் என்றாராம். கையைப் பிடித்து ஒப்படைத்த அந்த நாளையே வைத்தார்கள். கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியை. வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கு அனுப்ப வேண்டும், வீடியோ நீதான் எடுக்க வேண்டும் என்று அண்ணை என்னைக் கேட்டார். மாட்டேன் என்றால் என்ன நினைப்பார்?

என்னிடம் புதுக் கமரா இருந்தது. ஆனால் பழையதைத்தான் கொண்டுபோனேன், கசற் போடுகிற கமராவை. அது உங்களுக்கு முக்கியம், எழுதிக்கொள்ளுங்கள். கொம்பியூட்டரில் அழித்ததை மீட்டுத் தர இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். கசற்றில் ஒன்றின்மேல் இன்னொன்றைப் பதிந்தால் அடியில் இருந்தது போனதுதான். பிரசாந்தியின் கல்யாணக் கசற்றை எடுத்து, ஊர்வலம் வருகிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, கமராவுக்குள் போட்டேன். ஐயர் மந்திரம் சொன்னார். அண்ணை எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அக்கா கரையில் இருந்தார். நான் அவருடைய முகத்துக்குக் கிட்டப் போய் எடுத்தேன். பஸ் நின்ற இடத்தில் இப்போது அந்த முகம்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு அக்கா கொட்டிலுக்குப் போவதில்லை. காலையில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறார், கோயிலுக்குப் போகிறார். நித்திரை கொள்கிறாராம். அதைக் கேட்டபோது எனக்கு மனம் ஆறியது.

உங்கள் டிஸ்க்கில் முகம் தெளிவாக இருக்கிறது, பாருங்கள். அந்த வலையைப் பிடித்திருக்கிற விரல்கள்கூடத் தெரிகின்றன. ஆனால் சத்தத்தை அதிலிருந்து எடுக்க முடியாது. அதன்மேல் பாட்டு இருக்கிறது. சத்தம் கசற்றில் மட்டும்தான் இருந்தது. பதியவில்லை என்று அக்காவுக்குச் சொன்னது பொய். மேளத்தையும் மீறிப் பதிந்திருந்தது. பதியாமல் இருந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்கும், நான் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றேன். அவன் என்னைப் பார்த்துத்தான் சொன்னான். ஊர்வலத்தில் அத்தனை பேர் போக, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தானே.

"அண்ணை, நான் தெல்லிப்பழை தில்லைநாதன்ரை மகன். நான் இருக்கிறன் எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ."

இவ்வளவுதான் சொன்னான். நான் தலையாட்டினேன். அவன் அதைக் கண்டுவிட்டுச் சிரித்தான். பஸ் வெளிக்கிட்டது.

நீங்கள் இப்போது நேரே அக்கா வீட்டுக்குத்தான் போவீர்கள் என்று தெரிகிறது. போங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் போனவுடனே சொல்லிவிடாதீர்கள், தங்கச்சி. முதலில் இருக்க வைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, பக்குவமாகச் சொல்லுங்கள். அவருக்குப் பிரசர் இருக்கிறது. அதை நினைத்துத்தான் நானும் இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தேன்.