கம்பைலர் கடந்துபோன முதல் வரி

என் பேச்சு எல்லை மீறாமலிருக்கக் கையில் கடிகாரத்தோடு அமர்ந்திருக்கும் அவைத் தலைவர் கல்யாணராமன் அவர்களே! கிழக்கேகோட்டைத் தமிழ் நூலகத்தைக் கட்டிக் காக்கும் சான்றோர் பெருமக்களே! வெயிலையும் வேலையையும் ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வாசலிலேயே நிற்கும் வாலிபத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் நூலகச் செயலாளர் ஆறுமுகநயினாரின் அன்பு வணக்கம்.

இன்று இங்கே சி மொழிப் பயிற்சி வகுப்பு தொடங்குகிறது. அது பிறந்த கதையை நான்தான் சொல்ல வேண்டும். ஏன்? அதில் தப்புச் செய்தவன் நான்தான்!

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை, நம் தெரு அனந்தலக்ஷ்மி அம்மையார் நூலகம் வந்தார். கல்யாணத்தோடு நின்றுபோன கணினி டிப்ளமாவை நாற்பத்து நான்கு வயதில் மீண்டும் படித்தவர். சி மொழிச் செய்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. "சனிக்கிழமை பரீட்சைண்ணா. இதுதான் கடைசி வாய்ப்பு. விட்டா மொதல்லேர்ந்து படிக்கணும். ஆத்துல கம்ப்யூட்டர் இல்லை" என்றார். 

விடுவேனா? நூலகக் கணினியில் கம்பைலரை நிறுவினேன். கம்பைலர் என்பது என்ன? நாம் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றித் தருவது. சோதித்துப் பார்க்க, ஏழையும் எட்டையும் கூட்டும் சின்ன நிரலொன்றை நானே தட்டினேன். ஓடியதா? இல்லை! நான் தொடாத ஏதோ ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, அங்கே பிழை என்றது!

தம்பானூரில் கணினி பழுதுபார்க்கும் ஷிபுவை அழைத்தேன். "சாரே, ஒண்ணுகூடெ இன்ஸ்டால் செய்து நோக்கு" என்றார். இன்னொரு முறை நிறுவிப் பார்க்க வேண்டுமாம்! நீக்கினேன், நிறுவினேன், பிழை! மறுபடி நீக்கினேன், நிறுவினேன், அதே பிழை! சிரிக்காதீர்கள் ஷிபு, உங்கள் யோசனைதானே? வியாழன் போய் வெள்ளியும் வந்துவிட்டது.

அன்று மறுபடி வந்த அனந்தலக்ஷ்மி திரையை உற்றுப் பார்த்தார். "அண்ணா, மொதல் வரில இது என்ன?"

என்ன இருந்தது? பிள்ளையார் சுழி! நாற்பதாண்டு ஆபீஸ் வாழ்வில் 'உ' போடாமல் ஒரு காகிதம் தொட்டவனில்லை நான். கை தானாகவே போட்டுவிட்டது. கம்பைலர் அதையும் கட்டளை என்று நினைத்து, அடுத்த வரி அழைக்கும் கோப்பில் போய்த் தடுமாறியிருக்கிறது!

"எடுத்துடலாமா?" என்றார்.

"சுழியையா? என்ன பேச்சு பேசுதிய!" என்று கொதித்தேன்.

அவர் கொதிக்கவில்லை. சுழிக்கு முன்னால் இரண்டு சாய்கோடுகள் போட்டார். அப்படிப் போட்டால் அந்த வரி மனிதர் படிக்கும் குறிப்பு; கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். ஓட்டினார். திரையில் பதினைந்து! அன்று நூலகம் அடைக்கும்வரை எழுதி எழுதிப் பழகினார். மறுநாள் தேர்வெழுதினார், தேறினார்!

பெரியோர்களே, மூன்று முறை கம்பைலரைப் போட்ட நான், ஒரு முறையாவது என் எழுத்தை வாசித்தேனா? வாசித்தவர் யார்? பதறியிருக்க வேண்டியவர்! இழக்க இன்னொரு வாய்ப்பு இல்லாதவர்! தாய்மார்களே, இனி என்ன படிப்பு என்று எவராவது உங்களிடம் கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். "கரெக்டாணு" என்கிறார் பின்வரிசை நண்பர். நூற்றுக்கு நூறு ஐயா!

இந்த வகுப்பின் ஆசிரியர் யார்? அதோ, முன்வரிசையில் வெட்கப்பட்டுக் குனிந்திருக்கிறாரே, அவர்தான். மேடைக்கு வாருங்கள் அம்மா, என் நாற்காலி உங்களுடையது. நான் கீழே மாணவர் வரிசைக்குப் போகிறேன். செவிகொடுத்த அவைக்கு நன்றி. எங்கள் ஆசிரியைக்கு வணக்கம்!