அத்தானின் வண்டி நிற்காத காரணம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் எனக்கு இல்லை. அத்தானுக்கு உண்டு. நடந்ததற்கெல்லாம் தொடக்கம் இவ்வளவுதான்.

நான் பைக் மெக்கானிக். அக்கா வீட்டு முன்னறையில் ஒன்பது வருஷம் இருந்தேன். இரண்டு ஜன்னல், வேளாவேளைக்குச் சாப்பாடு. அத்தான் மூக்குக் கண்ணாடிக் கம்பெனியில் விற்பனையாளர். திங்கள் காலை மாதிரிப் பெட்டியோடு கம்பெனி பைக்கில் கிளம்பினால், ஊர் ஊராகச் சுற்றிவிட்டு சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். ஒரு குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது என்றே நினைத்திருந்தேன்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். ஓடித் தேய்ந்து எஞ்சின் ஜாம் ஆகிவிட்டால் புது பைக் கிடையாது. ஓட்டியவருக்கு ஆபீசில் ஒரு நாற்காலி. வண்டி எண்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய வாரம், அடுப்படியில் அத்தான் பேசியது என் காதில் விழுந்தது.

“இன்னும் ஆறு மாசம் தாங்கினாலே பெருசு. அப்புறம் தினமும் ஆறு மணிக்கு நான் வீட்ல இருப்பேன். குழந்தை குட்டின்னு நாமளும் யோசிக்கலாம். தம்பிக்குத்தான் வெளியில ஒரு ரூம் பார்க்கணும்.”

“அவன் கோச்சுக்க மாட்டான். தங்கமான பையன்,” என்றாள் அக்கா.

உண்மைதான், நான் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு அத்தான் குறட்டை விட ஆரம்பித்ததும், “வண்டியக் கழுவிட்டு வரேன்க்கா” என்று சொல்லி ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். வால்வு இடைவெளியைச் சரிசெய்தேன். டைமிங் செயின் லேசாகச் சலசலத்தது. அறுந்து விழட்டும் என்று காத்திருப்பவன் மெக்கானிக் இல்லை, புதுசு போட்டேன். கடைசியில் வண்டியைக் கழுவவும் செய்தேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிறகு ஒரு சனிக்கிழமை, அத்தான் வாசலிலிருந்தே கூப்பிட்டார். “இங்க வாயேன். புகை வருது பாரு, நீலமா வருது.”

அக்கா ஈரக்கையோடு ஓடினாள். இருவரும் சைலன்ஸர் பக்கத்தில் குனிந்து, தொட்டில் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் மதியமே ரிங்குகளையும் வால்வு சீல்களையும் மாற்றிவிட்டேன். திங்கள் காலை வண்டி புகையில்லாமல் கிளம்பியது. அத்தானின் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தார்.

அதன்பின் அவர் ஆயிலே ஊற்றாமல் ஓட்டத் தொடங்கினார். மேட்டில் நாலாவது கியரில் ஏறினார். கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊரெல்லாம் சுற்றினார். கிளட்ச் தட்டுகள் கருகி வந்தன, மாற்றினேன். வாரம் முழுக்க அவர் கெடுப்பார், ஒரே மதியத்தில் நான் சரிசெய்துவிடுவேன். இப்படி நாலு வருஷம்.

இரண்டு லட்சம் ஆனதும் கம்பெனியில் கூட்டம் போட்டு அத்தானுக்குக் கேடயம் கொடுத்தார்கள். வண்டியை இவ்வளவு அக்கறையாக வைத்திருக்கும் ஆளை வீணாக்கக் கூடாதென்று தூரத்து ஊர்களையும் அவர் தலையில் கட்டினார்கள். பிறகு மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வந்தார். அக்காவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. குழந்தைப் பேச்சை அவள் விட்டிருந்தாள். வீடு அமைதியாக இருந்தது.

என் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது அக்கா கையில் ஒரு பிஸ்கட் டப்பா சிக்கியது. கழற்றிய ரிங்குகள், செயின்கள், கிளட்ச் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, தேதியும் கிலோமீட்டரும் என் கையெழுத்தில். உழைத்தவனுக்குக் கொஞ்சம் பெருமை இருக்கக் கூடாதா? அத்தான் வரும்வரை அவள் வாயே திறக்கவில்லை. அவர் வந்த அன்று மத்தியானம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, “சொல்லு” என்றாள்.

இப்போது உங்களிடம் சொன்னதைப் போலவே ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அத்தான் ஒரு தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்காக நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமாடா?”

அக்கா எழுந்து வெளியே போனாள். வாளியில் மணல் அள்ளி வந்து, ஆயில் மூடியைத் திறந்து, இரண்டு கை நிறையக் கொட்டினாள். மூடி எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை. ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை முழுசாக முறுக்கிப் பிடித்தாள். அப்போது எழுந்த சத்தத்தை விவரிக்க எனக்கு மனசு வரவில்லை. எஞ்சின் இறுகி நின்றபோது நான் அழுதேன். அக்கா அழவில்லை.

அத்தானுக்கு நாற்காலி கிடைத்தது. எனக்கு வெளியில் ஒரு அறை. போன வாரம் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். இருவரும் சோபாவில் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். அத்தானுக்குத் தொப்பை விழுந்திருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. காயலான் கடையிலிருந்து அந்த பைக்கைத் தேடிப் பிடித்தேன். சிலிண்டர், பிஸ்டன், கிராங்க் பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் புதுசு. நேற்று ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. வண்டி இன்னும் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று கம்பெனி மேனேஜருக்கு இன்று காலை கடிதம் போட்டிருக்கிறேன். அத்தானுக்குத் தன் உடம்பைப் பற்றிக் கவலை இல்லாமல் இருக்கலாம், எனக்கு இருக்கிறது.