நேரில் வந்தவர்

காரைக்காலிலிருந்து விழிதியூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு விதவையும் அவள் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“அத்தான் போன வாரம் பென்ஷன் ஆபீசுக்கு நேர்ல வந்தாராம்க்கா. வருஷா வருஷம் வர்ற மாதிரியே வந்து, உசிரோடதான் இருக்கேன்னு கைநாட்டு வச்சிட்டுப் போயிருக்காரு. பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன் நிக்காதாம்.”

“தை மாசம் நீதானடா கூட நின்னு எரிச்சிட்டு வந்தே?”

“நான்தான். ஆனா கிளார்க்கு, அவரேதான்னு அடிச்சுச் சொல்றாரு. செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்தா, அவரு போட்ட இன்சூரன்சு பணம் மொத்தமா வந்துடும். பென்ஷன் நின்னுடும். எது வேணும், சொல்லுக்கா.”

பஸ் கோவில்பத்தைத் தாண்டியது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பென்ஷனே இருக்கட்டும். செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்தா, ஏன் குடுத்தேன்னு கேக்க வீட்டுக்கே வந்துடுவாரு.”