கடல் இல்லாத நாட்டில்

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். கிர்கிஸ்தான் நாட்டில் ஒரு மலைக் கணவாய்ச் சாலை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது. கழுத்தில் கேமராவோடு அங்கே தனியாக நின்றது வேறு யாருமில்லை... இதோ இங்கே உட்கார்ந்திருக்கிற நம்ம ஷிஜினுடைய தாய்மாமா ததேயுஸ். முட்டம் கடற்கரையில் பிறந்தவர். துபாயில் ஏசி மெக்கானிக்.

அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். காற்று அடிக்கிறது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சி ஜெமியைக் கூட்டிக்கொண்டு ஓடியவர் அவர். சின்னப் பிள்ளை. அண்ணனின் இரண்டு விரலைத்தான் பிடித்திருந்தாள். தண்ணீர் வந்து போனபோது இவர் தென்னை மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். கை வெறுங்கையாக இருந்தது. வழுக்கியதா, இவர் விட்டாரா... யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளையின் உடலும் கிடைக்கவில்லை.

அதன்பிறகு அவர் கடலைப் பார்க்கவே இல்லை. துபாயிலும் பாலைவனப் பக்கமாக வேலை கேட்டு வாங்கினார். 2016-இல் பக்ரீத் பெருநாள் லீவுக்குக் கிர்கிஸ்தான் டிக்கெட் எடுத்தபோது, அறைத்தோழர் ராஜகுமார் கேட்டார்.

"ஏலே மக்கா, ஊருக்குப் போவாம அங்க என்னத்துக்குல போறே?"

"அந்த நாட்டுல கடலே கிடையாது மக்கா."

லிஃப்ட் கேட்டுக் கேட்டே மலையேறினார். ஆட்டு லாரி, உருளைக்கிழங்கு வண்டி, எது நின்றாலும் ஏறிக்கொண்டார். பனிமலை, குதிரைக் கூட்டம் என்று படமாக எடுத்துத் தள்ளினார். அன்றைக்குக் கணவாய் உச்சியில் பனிமேல் மஞ்சள் வெயில். இங்கேயே இறங்குகிறேன் என்று கை காட்டினார். ஏறி வந்த லாரியின் கிழட்டு டிரைவர் வேண்டாமென்று தலையாட்டினார், வானத்தைக் காட்டினார். இவர் கேட்கவில்லை.

படம் எடுக்க எடுக்க வெளிச்சம் போனது. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்தது. கேமராவுக்குள் பார்க்கிறார்... சாம்பல் நிறம். ஒரே மட்டம். ஓரத்தில் நுரை.

கேமராவை இறக்கினார்.

அப்புறம் சத்தம். ஸ்ஸ்ஸ்... ஹோ. ஸ்ஸ்ஸ்... ஹோ. முட்டத்தில் பிறந்தவருக்கு அது என்ன சத்தம் என்று சொல்லியா கொடுக்க வேண்டும்?

அந்த மேகத்துக்குள்ளிருந்து ஒரு வேன் வந்தது. லைட் இல்லை. குளிர் எலும்பில் இறங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் கை காட்டினார். நின்றது. ஏறினார்.

உள்ளே ஆட்கள். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். வாடை... உப்பும் அழுகிய பாசியும். ஷூவுக்குள் தண்ணீர் ஏறியது. காலடியில் மணல் நெறுநெறுத்தது. இறங்கிவிடலாம் என்று எழுந்தார். அப்போது ஒரு சின்னக் கை, ஐஸ் மாதிரி, அவருடைய இரண்டு விரலைப் பிடித்தது.

"அண்ணே... இந்தத் தடவ விடமாட்டேல்லா?"

நம்ம ஊர்த் தமிழ். அதே இழுவை.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கை தானாக உதறியது. கதவைத் தள்ளிக்கொண்டு குதித்தார். வேன் நிற்கவில்லை. ஒரு பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் வளைவு வளைவாகக் கீழே இறங்கிப் போனது.

காலையில் ஆட்டிடையர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உடுப்பெல்லாம் நனைந்து விறைத்திருந்தது. காயப்போட்டபோது வெள்ளையாக உப்புப் பூத்தது.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். பங்குச் சாமியார் வந்து ஜெபித்தார். ஒன்றும் நடக்கவில்லை. ததேயுஸின் பேச்சே நின்றுபோனது. ஒரே ஒரு தடவை அம்மா நேசம்மாளிடம் சொன்னாராம்: "ரெண்டு தடவையும் நாந்தாம்மா விட்டேன்."

ஜெமி பிடித்த அந்த இரண்டு விரல்கள்... நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது போல வெளுத்து, சுருங்கி, ஊறிப்போயே இருக்கின்றன. மருந்து போட்டார்கள். அடுப்பில் காட்டினார்கள். காயவில்லை.

போன வாரம் சோறு போடும்போது நேசம்மாள் கவனித்தாள்.

மூன்றாவது விரலும் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது.